புதுப்பிப்பு: கூகைப் பெட்டியில் மூத்த குஞ்சுக்கு 40 நாள்

எலி தின்னும் ஆந்தை வகையான கூகைக்கு வைத்த வயலோரக் கூட்டுப் பெட்டியில் நான்கு குஞ்சு பொரித்ததையும், கடைசிக் குஞ்சு மிகச் சிறியதாக இருப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். அது நோயா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நோயில்லை. கூகை முதல் முட்டையிலேயே அடைகாக்கத் தொடங்கிவிடும்; முட்டைகளுக்கு இடையே இரண்டு மூன்று நாள் இடைவெளி இருக்கும். அதனால் மூத்ததற்கும் இளையதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் வயது வித்தியாசம். எலி குறைந்தால் முதலில் சாவது இளையதுதான். இப்போதைக்கு நான்கும் நலம்.

மூத்ததற்கு இதய வடிவ முகம் தெளிவாகிவிட்டது. இறகுக் குருத்துகள் உறை உடைந்து, பெட்டித் தரையெல்லாம் தவிட்டுப் பொடிபோல உதிர்ந்து கிடக்கிறது. எடை இப்போது தாயைவிடக் கூடுதலாகவே இருக்கும். பறக்குமுன் எடை தானே குறையும், பயப்பட வேண்டாம்.

கவலை வாசல் உயரத்தில். வாசலின் அடிவிளிம்பு பெட்டியின் உள்தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உமிழ்ந்த எலிமுடி, எலும்பு உருண்டைகள் படிந்து உள்தரை உயர்ந்துகொண்டே வரும். அப்போது பறக்கத் தெரியாத குஞ்சு எட்டிப் பார்த்து விழுந்துவிடும். வெளியே நிலத்தில் விழுந்து கிடக்கும் குஞ்சுக்குத் தாய் பெரும்பாலும் இரை ஊட்டாது. காயமில்லையென்றால் உடனே பெட்டியில் விடுங்கள். மனித வாடை பட்டதால் தாய் ஒதுக்காது. சுத்தம் செய்வது பெட்டி காலியான பிறகுதான்.

பக்கத்து வயல்காரர்களிடமும் சொல்லுங்கள்: புரோமாடியோலோன் என்ற எலி விஷத்தைத் தின்ற எலி சாக நாளாகும், அதற்குள் கூகை பிடித்துக் குஞ்சுக்குக் கொடுத்துவிடும். விஷத்துக்குப் பதில் எலிக்கிட்டி (பொறி) வைப்பதே நல்லது.

பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம்.