எல்இடி மினுக்கியாயிற்று, அடுத்து என்ன? மாணவர்களுக்கு ஏற்ற எளிய மைக்ரோகன்ட்ரோலர் செய்முறைகள் சொல்லுங்கள்

பட்டறைவாசி எழுதியது:

வணக்கம். தொழில்நுட்பப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறேன். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள், மொத்தம் 24 பேர். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் ஆய்வகம். கையில் இருப்பது பெரும்பாலும் 12 ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றக்கூடிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), பிரெட்போர்டுகள் (சாலிடர் இல்லாமல் ஒயர் செருகும் பலகை), டப்பா நிறைய எல்இடி, ரெசிஸ்டர், பட்டன், பஸ்ஸர், கொஞ்சம் எல்டிஆர் (வெளிச்சத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சார்), நாலைந்து சின்ன சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்).

முதல் வாரம் எல்இடி மினுங்கியபோது வகுப்பே கூச்சல் போட்டது. இரண்டாம் வாரம் டிராஃபிக் லைட், பாதிப் பேருக்குக் கொட்டாவி. மூன்றாம் வாரம் வெப்பநிலையை அளந்து எல்சிடியில் காட்டச் சொன்னேன், இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே எடுத்து ஒட்டி "ஓடுது சார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். அந்த 220 ஓம் ரெசிஸ்டர் எதற்கு என்று கேட்டால் "படத்துல இருந்துச்சு சார்" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, அறையில் எத்தனை டிகிரி என்று தெரிந்துகொண்டு அந்த வயதில் யார் என்ன செய்யப் போகிறார்கள்?

ஒன்று அல்லது இரண்டு வகுப்பில் முடிய வேண்டும், புதிதாகப் பெரிதாக எதுவும் வாங்கக் கூடாது, முடித்ததும் பக்கத்து பெஞ்சுக்காரனைக் கூப்பிட்டுக் காட்டத் தோன்ற வேண்டும். வைஃபை, செயலி, ஸ்மார்ட் வீடு எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வகுப்பில் உண்மையிலேயே எடுபட்டது எது?

---

சாலிடர்புகை எழுதியது:

சார், யோசிக்கவே வேண்டாம், இருவர் ஆடும் "யார் கை முந்துகிறது" விளையாட்டு. ஒரு எல்இடி, இரண்டு பட்டன், வேறு எதுவும் தேவையில்லை. இரண்டு முதல் ஐந்து வினாடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் விளக்கு எரியும், முதலில் அழுத்தியவர் ஜெயித்தார், எத்தனை மில்லிவினாடி என்று சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) வரும். பெரும்பாலோருக்கு 200 முதல் 300 வரை வரும். எண் வந்துவிட்டால் அப்புறம் அவர்களைப் பெஞ்சில் இருந்து கிளப்பவே முடியாது.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் விளையாட்டு மட்டும் இல்லை, ஏமாற்று வேலை. முதல் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவன் விளக்கு எரியும் முன்பே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு 0 மில்லிவினாடி என்று காட்டுவான். எதிராளி சண்டைக்கு வருவான். சரி, முன்கூட்டியே அழுத்தினால் தோல்வி என்று நீயே நிரலில் எழுது என்று சொல்லிவிட வேண்டியதுதான். எழுத உட்காரும்போதுதான் இடிக்கும், காத்திருக்கும் நேரத்தை டிலே கட்டளையால் எழுதியிருப்பார்கள், அந்த நேரம் முழுக்கச் சிப் வேறு எதையும் கவனிக்காது, பட்டன் அழுத்தப்பட்டதே அதற்குத் தெரியாது. மில்லிஸ் (நிரலை நிறுத்தாமல் நேரத்தைச் சொல்லும் கட்டளை) எதற்கு என்று நான் போன வருடம் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கியும் ஏறாதது இங்கே ஐந்தே நிமிடத்தில் ஏறியது.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஒரு பெண் எல்லோரையும் தோற்கடித்துக்கொண்டே இருந்தாள். கை வேகம் என்றுதான் நினைத்தோம். பிறகு பார்த்தால், போர்டை ரீசெட் செய்யும் ஒவ்வொரு முறையும் ரேண்டம் எண்கள் அதே வரிசையில்தான் வருகின்றன, அவள் முதல் ஆறு காத்திருப்பையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்! போலி ரேண்டம் என்றால் என்ன என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளிடம் தோற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். எதிலும் இணைக்காத அனலாக் காலின் (வோல்டேஜை எண்ணாகப் படிக்கும் பின்) அளவைப் படித்து அதை விதையாக, அதாவது ரேண்டம் வரிசையின் தொடக்க எண்ணாகக் கொடுத்தால் வரிசை மாறிவிடும். அதுவும் அப்பழுக்கற்ற ரேண்டம் கிடையாது, ஆனால் மனப்பாடம் செய்ய முடியாது.

நேரம் மிச்சமிருந்தால் எல்இடிக்குப் பதில் பஸ்ஸரை வைத்து ஓட்டிப் பாருங்கள். சராசரி எடுத்தால் ஒளியைவிடச் சத்தத்துக்குக் கை சற்று முன்னதாகப் போகும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

---

எட்டுபிட் எழுதியது:

எல்லோரும் ஊனோவையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். வகுப்பு முடிந்ததும் போர்டைப் பிடுங்கி அலமாரியில் வைக்கிறோம், அடுத்த வாரம் அடுத்த குழு வந்து ஒயரைக் கழற்றுகிறது, பையனின் கையில் என்ன மிச்சம்? எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாதவனுக்கு எப்படி சார் ஆர்வம் வரும்.

என் பரிந்துரை ஏடிடைனி85 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் ஒரு தாயக்கட்டை, அதாவது ஆறு முகப் பகடை. எட்டுக் கால், நிரலை வைக்க 8 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ராம், அவ்வளவு போதும். பகடையின் முகத்துக்கு ஏழு எல்இடி வேண்டும். சிப்பில் மின்சாரத்துக்கு இரண்டு கால், ரீசெட்டுக்கு ஒன்று போக மிச்சம் ஐந்துதான். ஏழு விளக்கும் ஒரு பட்டனும் ஐந்து காலில் எப்படி என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள். ஒன்று முதல் ஆறு வரை வரைந்து பார்த்தால் யாராவது பிடித்துவிடுவார்கள், நடுப்புள்ளி மட்டும்தான் தனியாக எரியும், மற்ற ஆறும் எப்போதும் எதிரெதிர் ஜோடியாகத்தான் எரியும். ஆக நான்கு கால் விளக்குகளுக்கு, ஐந்தாவது பட்டனுக்கு. கச்சிதம்.

ஜோடியைத் தொடராக இணைக்க விடாதீர்கள். சிவப்பு எல்இடி ஒன்றுக்கே 2 வோல்ட் அளவுக்குப் போய்விடும், 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் இரண்டு தொடராக இருந்தால் எரியாது. இணையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். யாராவது தொடராகவே இணைத்துவிட்டு ஏன் எரியவில்லை என்று விழித்தால் நல்லது, ரெசிஸ்டர் கணக்கும் வோல்டேஜ் கணக்கும் அங்கேயே முடிந்துவிடும்.

நிரலேற்றத் தனிக் கருவி வேண்டாம், உங்கள் ஊனோவையே ப்ரோகிராமர் ஆக்கலாம். அதன் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் நிரல் சிப்புக்குப் போகாமல் ஊனோ ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும்படி வரும், மென்பொருளில் 8 என்று தேர்ந்திருந்தால் ஒரு வினாடி எட்டு வினாடியாகிவிடும், சிப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் ஃபியூஸை (சிப்புக்குள் இருக்கும் அமைப்பு பிட்) மட்டும் யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஊனோவால் அந்தச் சிப்பை மறுபடி திறக்க முடியாது, உயர் வோல்டேஜ் ப்ரோகிராமர் வேண்டும்.

பத்து வினாடி யாரும் தொடாவிட்டால் சிப் தூங்கட்டும். பவர்-டவுன் நிலையில், வாட்ச்டாகையும் (நிரல் தொங்கினால் ரீசெட் செய்யும் உள் டைமர்) அனலாக் அளவைப் படிக்கும் ஏடிசியையும் அணைத்துவிட்டால், ஒரு மைக்ரோஆம்பியர்கூட இழுக்காது. சுவிட்சே வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

---

பட்டறைவாசி எழுதியது:

எட்டுபிட் சார், கோபப்படாதீர்கள். ஐந்து கால் விஷயத்தை நானே காகிதத்தில் வரைந்து பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. சிப் தனியாக வாங்கக் கேட்டுப் பார்க்கிறேன். அதற்குள் இருக்கிற பொருளை வைத்துச் செய்யக்கூடியது வேறு ஏதாவது? எல்டிஆர் சும்மா கிடக்கிறது.

---

கம்பிச்சுருள் எழுதியது:

எல்டிஆர் இருந்தால் கையசைத்து வாசிக்கும் வாத்தியம் செய்யச் சொல்லுங்கள். எல்டிஆரையும் 10 கிலோஓம் ரெசிஸ்டரையும் தொடராக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்து, நடுவில் உள்ள புள்ளியை அனலாக் காலுக்குக் கொடுத்தால் 0 முதல் 1023 வரை எண் வரும். அந்த எண்ணை அதிர்வெண்ணாக மாற்றி பஸ்ஸருக்கு அனுப்பினால் போதும், கையை மேலே கீழே ஆட்டினால் சுருதி ஏறி இறங்கும்.

இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, யார் வாசித்தாலும் கொசு அழுவது மாதிரிதான் கேட்கும், 12 குழுவும் ஒரே நேரத்தில் வாசித்தால் பக்கத்து வகுப்பில் இருந்து ஆள் வரும். அதற்கு மருந்து, வழுக்கிப் போகும் அதிர்வெண்ணை விட்டுவிட்டு 262, 294, 330, 392, 440 என்ற ஐந்து ஸ்வரத்தில் எது பக்கமோ அதில் போய் நிற்கச் செய்வது. ச ரி க ப த, நம் மோகன ராகத்தின் ஸ்வரங்கள்தான். இந்த ஐந்துக்குள் எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. வரிசைப் பட்டியல் என்னும் அர்ரே எதற்கு என்ற பாடமும் சத்தமில்லாமல் நுழைந்துவிடும், சரி, சத்தத்தோடுதான் நுழையும்.

இரண்டாவது, ஜன்னலோரம் உட்கார்ந்தவனின் எண்ணும் மூலையில் உட்கார்ந்தவனின் எண்ணும் ஒன்றாக இருக்காது. நிரலில் 300, 800 என்று எழுதி வைத்தவன் இடம் மாறியதும் வாத்தியம் ஊமையாகிவிடும். முதல் ஐந்து வினாடி கையை ஆட்டி, அதில் கிடைத்த சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும்படி எழுத வைத்தால் அளவுத்திருத்தம் என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிடும். இணையத்தில் இருந்து ஒட்டிய நிரலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், வேறு யாருடைய அறை வெளிச்சத்துக்கோ எழுதியது உங்கள் அறையில் வேலை செய்யாது.

---

தூசிபடிந்தமல்டிமீட்டர் எழுதியது:

சர்வோ இருக்கிறது என்றீர்களே, உபயோகமற்ற பெட்டி செய்ய வையுங்கள். சுவிட்சைப் போட்டால் உள்ளிருந்து ஒரு கை வந்து அணைத்துவிட்டுப் போய்விடும், அதைத் தவிர அது எதற்கும் ஆகாது. 1952இல் பெல் ஆய்வகத்தில் மார்வின் மின்ஸ்கிக்குத் தோன்றியது, கிளாட் ஷானன் செய்து மேசைமேல் வைத்துக்கொண்டார். தகவல் கோட்பாடு கண்ட ஆளே இதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார், நம் பிள்ளைகள் ஒதுக்கினால் என்ன. அட்டைப்பெட்டி போதும். ஐந்தாவது முறை மட்டும் கை பாதி வந்து தயங்கட்டும், பத்தாவது முறை கோபமாக வரட்டும் என்று ஆளுக்கொரு குணம் கொடுப்பார்கள்.

எச்சரிக்கை: சர்வோவை ஊனோவின் 5 வோல்ட் காலில் நேராக மாட்டாதீர்கள். கை எதிலாவது முட்டி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், பிள்ளைகள் நிரலில் தவறு தேடிக்கொண்டே மணி அடித்துவிடும். சர்வோவுக்குத் தனி பேட்டரி, கிரவுண்டை மட்டும் ஊனோவோடு சேர்த்துவிடுங்கள். நான் ஒரு முழு மதியம் இதில் தொலைத்தவன்.

---

பட்டறைவாசி எழுதியது:

மூன்று வாரம் ஆயிற்று, வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் "யார் கை முந்துகிறது". சாலிடர்புகை சொன்னது அப்படியே நடந்தது, அழுத்திப் பிடித்தவன் முதல் நாளே வந்துவிட்டான். இடைவேளையில் ஆள் வெளியே போகவில்லை, சுவரில் ஒரு புள்ளிப் பட்டியலே ஒட்டியிருக்கிறார்கள். வாத்தியமும் செய்தோம், பக்கத்து வகுப்பில் இருந்து ஆளும் வந்தார்.

ஒரு சந்தேகம். மூன்றாவது பெஞ்சுப் போர்டில் மட்டும் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாக அழுத்தினால் எப்போதும் இடது பட்டன்தான் ஜெயிக்கிறது. பட்டனை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், ஆட்களையும் இடம் மாற்றி உட்கார வைத்தோம். அப்போதும் இடதுதான். பிள்ளைகள் அந்த நாற்காலிக்கு இப்போது அடித்துக்கொள்கிறார்கள்.

---

சாலிடர்புகை எழுதியது:

லூப்புக்குள் (நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) சீரியலில் ஏதாவது அச்சிட்டுக்கொண்டே இருக்கிறார்களா பாருங்கள். 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) என்றால் ஒரு எழுத்து போகக் கிட்டத்தட்ட ஒரு மில்லிவினாடி. "காத்திருக்கவும்" மாதிரி இருபது எழுத்தை ஒவ்வொரு சுற்றிலும் அனுப்பினால் எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் பஃபர் நிறைந்து ஒரு சுற்றுக்கே 20 மில்லிவினாடி ஆகிவிடும். அதற்குள் இருவரும் அழுத்தியிருந்தால் நிரலில் எந்தப் பட்டனை முதலில் கேட்கிறார்களோ அதுவே ஜெயிக்கும்.

---

பட்டறைவாசி எழுதியது:

அதேதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முழு வரி அச்சிட்டுக்கொண்டிருந்தது. ஆனால் எடுக்கச் சொல்லவில்லை சார், இந்தப் பதிலை அவர்களிடம் காட்டாமல் "இடது நாற்காலிக்கு என்ன ராசி என்று அடுத்த வாரத்துக்குள் கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

---

எட்டுபிட் எழுதியது:

கண்டுபிடித்தவர்களுக்கு அடுத்த வேலை, ஊனோவின் 2, 3ஆம் கால்களில் இன்டரப்ட் (பட்டனை அழுத்தியதும் ஓடும் நிரலை இடைமறிக்கும் வசதி) வைத்து எழுதச் சொல்லுங்கள். தாயக்கட்டை சிப் வந்ததா இல்லையா?