செங்காந்தள் பூத்த இடத்தின் லொகேஷனைப் போடலாமா?

வழிப்போக்கன்:
ஐப்பசி மழை நத்தம் பக்கம் இந்த முறை நல்லாவே பிடிச்சிருக்கு. அழகர்மலைக்குக் கிழக்கே ஒரு கரட்டோரம், அதான் சின்னப் பாறைக்குன்று ஓரம், போனேன். கள்ளி வேலி நெடுக செங்காந்தள். ஒரே கொடியில் பச்சையாய்த் தலை குனிஞ்ச மொட்டு, அடி மஞ்சளும் நுனி சிவப்புமா இதழ் மேலே சுருண்ட பூ, முழுசும் சிவந்து வாடப்போற பூ, எல்லாம் இருந்துச்சு. இலை நுனியே சுருள்கம்பியா நீண்டு கள்ளி முள்ளைச் சுத்திப் பிடிச்சிருக்கு. கீழே ஈரமண்ணில் தம்பலப்பூச்சி ஊருது. காலையில் படங்களோட கூகுள் மேப் லொகேஷனும் நம்ம குழுவில் போட்டேன். செவ்வந்தி மேடம் அதை உடனே எடுக்கச் சொல்றாங்க. நான் எடுக்கிறதா இல்லை. நம்ம மாநில மலரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்து வளர்ற பிள்ளைங்க மதுரையில் எத்தனை பேர்! ஒரு மணி நேரப் பயணத்தில் நேர்ல பார்க்கட்டுமே.

செவ்வந்தி:
பிள்ளைங்க பார்க்கிறதை யாரும் தடுக்கல சார். அந்த லொகேஷனை வேற யார் பார்க்கிறாங்கன்னு யோசிங்க. இந்தச் செங்காந்தள்தான் கண்வலிக்கிழங்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டு விளைவிக்கிறாங்க. விதையில் கால்சிசின்ங்கிற வேதிப்பொருள் இருக்கு, மருந்துக்காக வெளிநாடு போகுது. விதை விலை ஏறும்போது நடவுக் கிழங்குக்கும் கிராக்கி. காட்டுக் கிழங்கைத் தோண்டி விக்கிறது புதுசு இல்லை. கோடையில் கொடி காய்ஞ்சு போனாலும் கிழங்கு மண்ணுக்குள்ள உறங்கி அடுத்த மழைக்கு அதே இடத்தில் முளைக்கும். கிழங்கு போச்சுன்னா அந்த வேலியில் அதோட முடிஞ்சது. பறவையாவது பறந்து தப்பிக்கும். செடி எங்கே போகும்?

வழிப்போக்கன்:
தோண்டி விக்கிறவங்களுக்கு கூகுள் வேண்டியதில்லை மேடம். எந்தக் கரட்டில் என்ன முளைக்குதுன்னு அவங்களுக்குத் தலைமுறையா தெரியும். நம்ம மறைச்சு வச்சா தெரியாமப் போறது நல்லவங்களுக்கு மட்டும்தான். மேலூர் பக்கம் இருக்கிற அரிட்டாபட்டியைப் பாருங்க. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, சமணர் படுக்கை, பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கல்வெட்டுன்னு ஊரெல்லாம் பேச்சு. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு செய்தி வந்ததும் தமிழ்நாடே கொதிச்சது, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து பண்ணினாங்க. யாருக்குமே தெரியாத ஒரு கரடா இருந்திருந்தா? வெறும் பாறைன்னு எழுதிக் கொடுத்திருப்பாங்க. பேர் தெரியாத எத்தனை கரடு கல்குவாரியாப் போச்சுன்னு மதுரையைச் சுத்தி எண்ணிப் பாருங்க.

செவ்வந்தி:
அரிட்டாபட்டியைக் காப்பாத்தினது சுற்றுலா வந்தவங்க இல்லை. கிராமசபையில் தீர்மானம் போட்டவங்க, மேலூர் பக்கத்தில் இருந்து மதுரைக்கு நடந்தே வந்த சனங்க. ஊர்ப் பேர் தெரியணும், அங்கே என்ன வாழுதுன்னு தெரியணும், அதில் எனக்கும் சம்மதம்தான். வல்லூறு எந்தப் பாறை இடுக்கில் முட்டை வச்சிருக்குன்னு தெரியணுமா? செடி, விலங்கு பார்த்ததைப் பதியற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் ஆபத்துள்ள இனத்தைப் பதிஞ்சா, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எங்கேயோன்னு மட்டும்தான் மத்தவங்களுக்குக் காட்டும். பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் தளமும் சில பறவைகளோட இடத்தை மறைச்சிடுது. கோடிக்கணக்கான பதிவுகளைப் பார்த்தவங்க காரணமில்லாமலா அப்படி வச்சிருக்காங்க?

குருவிநேசன்:
நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். பறவை பார்க்கிறவங்க மத்தியில் நடக்கிறதைச் சொல்றேன். அக்டோபர்ல ஆறுமணிக்குருவி வடக்கே இருந்து வந்து இறங்கும். பச்சை முதுகு, வயித்துக்கடியில் சிவப்பு, கண்ணில் மை பூசின மாதிரி கருப்புப் பட்டை. புதருக்கடியில் சருகைப் புரட்டிப் புழு தின்னுக்கிட்டிருக்கும். எங்கே இருக்குன்னு வாட்ஸப்பில் போனதும் அடுத்த நாள் காலையில் அந்தப் புதரைச் சுத்திக் கேமரா. வெளியே வரலைன்னா ப்ளூடூத் ஸ்பீக்கர்ல அதோட குரலையே திரும்பத் திரும்பப் போடுறாங்க. தன் இடத்துக்கு வேற குருவி வந்துடுச்சுன்னு அது இரையை விட்டுட்டு வெளியே ஓடி வந்து கத்துது. அத்தனை தூரம் பறந்து வந்த உடம்பு அது. வேற பறவைகளோட கூடு தெளிவாத் தெரியணும்னு மறைவுக் கிளையை ஒடிச்சவங்களையும் பார்த்திருக்கேன். கிளை போனா குஞ்சு மேல நேரா வெயில், மேலே காக்கா. லொகேஷன் போட்டவர் இதில் எதையும் செய்யலைதான். ஆனா அவர் போட்டதால்தான் கூட்டம் வந்துச்சு.

வழிப்போக்கன்:
கூடு, முட்டை விஷயத்தில் நீங்க சொல்றதை நான் மறுக்கவே இல்லை அண்ணே. அதைப் போடக்கூடாது. வேலியோரப் பூவும் அதுவும் ஒண்ணா? பூவைப் பார்க்க வர்ற பத்துப் பேர்ல ரெண்டு பேர் அந்தக் கரட்டைத் தன் கரடா நினைச்சா, நாளைக்கு ஜேசிபி வரும்போது குரல் கொடுக்க ஆள் இருக்கும்.

கரட்டுப்பட்டியான்:
நான் அந்தப் பக்கத்து ஊர்க்காரன். அண்ணன் போட்ட படத்தைப் பார்த்ததுமே எந்த வேலின்னு தெரிஞ்சுபோச்சு. அது எங்க பெரியப்பா காட்டு வேலி, பட்டா நிலம். மேல கரடு பூராம் ஃபாரஸ்ட். இதை ரெண்டு பேருமே கேக்கலயே?

ஞாயித்துக்கிழமை வந்தா பைக்கும் காரும் வருது. வர்றவுக எல்லாம் கெட்டவுக இல்ல. ஆனா கடலைக் காட்டுக்குள்ள இறங்கி நின்னு படம் எடுத்தா மழையில நைஞ்ச செடி எந்திரிக்குமா? பாட்டிலை ஒடச்சுப் போட்டா ஆட்டுக் குளம்புல ஏறுது. போன வருசம் ட்ரோன் ஒண்ணைப் பறக்க விட்டாய்ங்க, குட்டி போட்ட ஆடெல்லாம் மெரண்டு கிணத்து மேடு பக்கம் ஓடிருச்சு. செங்காந்தளைப் பறிச்சுப் பிள்ளை கையில குடுத்துட்டுப் போறாக. அந்தக் கிழங்கைத் தின்னா உசுரு போகும், செடி பூராம் விஷம். ஆடே மோந்து பாத்துட்டு விலகிப் போகும். பிள்ளை அந்தக் கையை வாயில வச்சா?

நாங்களும் பூப் பறிக்கிறவுகதான். போகி அன்னைக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூலாப்பூவும் இந்தக் கரட்டுலதான் ஒடிக்கிறோம். வேரோட பிடுங்க மாட்டோம், அடுத்த தைக்கு வேணும்ல.

செவ்வந்தி:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன் தம்பி. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்களைக் கேக்காம அதோட வழியை உலகத்துக்குச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

கரட்டுப்பட்டியான்:
அக்கா, வரவே வேணாம்னு நான் சொல்லல. பக்கத்துல குவாரி வந்தப்ப எங்களுக்காகப் பேச டவுன்ல ஒரு ஆள் இல்ல. அந்த விசயத்துல அண்ணன் சொல்றது சரிதான். பஸ்ஸுல வந்து டீக்கடையில எறங்கி, யாரு காடுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கூட ஒரு ஆள் வருவோம், எந்த வரப்புல நடக்கணும், எங்கன கண்ணாடிவிரியன் கெடக்கும்னு சொல்லுவோம். மேப்பைப் பாத்து வர்றவுக யாரையும் கேக்க மாட்டாக. போன் காட்டுற வழியிலேயே காட்டுக்குள்ள ஏறிடுறாக.

வழிப்போக்கன்:
தம்பி, நீங்க சொன்னதுக்காக லொகேஷனை உங்க ஊர் டீக்கடைக்கு மாத்திட்டேன். வேலி இருக்கிற இடம் இப்ப அதில் இல்லை. ஊர்ப் பேரை மட்டும் எடுக்க மாட்டேன். பெரியப்பா சரின்னு சொன்னா வர்ற சனிக்கிழமை பிள்ளைங்களோட ஒரு நடை போகலாமா?

செவ்வந்தி:
ஊர்ப் பேரும் போகணும்னுதான் நான் இப்பவும் சொல்வேன். சின்ன ஊர், டீக்கடையில் இருந்து அந்த வேலியைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கரட்டுப்பட்டியான்:
சனிக்கிழமை வேணாம்ணே, கடலை பறிக்க ஆள் வருது. ஞாயிறு வெள்ளென ஆறு மணிக்கு வாங்க, பெரியப்பாகிட்ட கேட்டுட்டேன். பத்துப் பேருக்கு மேல வேணாங்கிறாரு. செவ்வந்தி அக்கா, நீங்களும் வாங்க. ஊர்ப் பேரு இருக்கணுமா வேணாமான்னு அவருகிட்டயே கேப்போம்.