புதுப்பிப்பு: 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்' இசைத்தட்டில் 1-ஆம் பக்கத்துக்குப் பின்னால் 4-ஆம் பக்கம், தப்பான அச்சு இல்லை

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1968 இரட்டை ஆல்பம் (இரண்டு தட்டு, நான்கு பக்கம்), பழைய அமெரிக்கப் பிரதி. ஒரு தட்டில் 1, 4 பக்கங்கள். இன்னொன்றில் 2, 3. ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் 'ரெக்கார்ட் சேஞ்சர்' பிளேயருக்காக இப்படி அச்சிட்டார்கள் என்று ஒருவர் சொன்னதுதான் சரி. அதில் அடுக்கிய தட்டுகள் ஒவ்வொன்றாகத் தானே விழும். 1, 2 முடிந்ததும் அடுக்கை அப்படியே புரட்டி வைத்தால் 3, 4. என்னிடம் இருப்பது சாதா பிளேயர், எழுந்து எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: விஷயம் தெரியுமுன் 1 முடிந்து தட்டைத் திருப்பி 4-ஐக் கேட்டுவிட்டேன். 3-இன் தொடக்கத்தில் வரும் 'ரெய்னி டே, ட்ரீம் அவே'யின் தொடர்ச்சி 4-இல்தான் இருக்கிறது. எனக்கு வால் முன்னே, தலை பின்னே! ஆரம்பகால சிடி ஒன்றிலும் பாடல்கள் 1, 4, 2, 3 என்றே வந்தனவாம்.