புகைப்பட நடைக்கு வழிகாட்டி ஒருவர் இருந்தால் போதுமா?

நடைவழி:
ஒன்பது ஆண்டுகளாக நகரக் குடியிருப்புப் பகுதிகளில் புகைப்பட நடைகளை, அதாவது குழுவாக நடந்து சென்று படமெடுக்கும் சுற்றுகளை, வழிநடத்தி வருகிறேன். அண்மையில் ஒருவர், கேமராக்களோடு கூட்டமாகத் தெருவுக்குள் நுழைவதே அத்துமீறல் என்று என்னிடம் கடிந்துகொண்டார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. வழிகாட்டி இல்லாமல் தனியாக வருபவர் பெரும்பாலும் தொலைவிலிருந்தே முகத்தை நெருக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்பார். தாம் படமாகிறோம் என்பதே எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. என்னோடு வருபவர்களுக்கு முதலில் அகலமான காட்சியைப் பிடிக்கும் 28 மி.மீ. லென்ஸைத்தான் பழக்குகிறேன். முழுச்சட்டக கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குப் படம் பதியும் கேமரா) அதன் ஒளித்துளையை எஃப் 8 என்ற சிறிய அளவில் வைத்து, ஃபோகஸை மூன்றேகால் மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறத்தாழ 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக விழும். அந்த லென்ஸில் ஒரு முகம் வேண்டுமென்றால் அருகில் போயே ஆக வேண்டும்; அருகில் போனபின் இரண்டு வார்த்தை பேசாமல் படமெடுக்க எவருக்கும் மனம் வராது. வழிகாட்டியின் வேலையே இந்தக் கூச்சத்தை மரியாதையாக மாற்றுவதுதான். எதிர்க்கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

மூன்றாம்மாடி:
காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன். இத்தகைய நடைகள் அடிக்கடி வந்துபோகும் தெரு ஒன்றில் குடியிருப்பவள் நான். என் தந்தை கடைசிக் காலத்தில் நாள்தோறும் மாலையில் வாசற்படியில், கம்பிக்கிராதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ஒரு குழு அவ்வழியாக வந்தது. முன்னால் வந்தவர் சிரித்துப் பேசி, அனுமதி கேட்டுத்தான் படம் எடுத்தார், அதில் குறையில்லை. ஆனால் அவர் விலகியதும் பின்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும், ஒருவருக்குச் சொன்ன சம்மதத்தைத் தங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு வரிசையாக எடுக்கத் தொடங்கினார்கள். என் தந்தைக்குக் கிராதியை விட்டுவிட்டுக் கையால் முகத்தை மறைக்கும் தெம்பு இல்லை. அவர் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தாழ்ந்த தலை ஒரு கண்காட்சியில் பெரிதாகத் தொங்கியது. கீழே "தனிமை" என்று தலைப்பு. அவர் தனிமையில் இல்லை, ஐயா. பள்ளியிலிருந்து வரும் பேரனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் திறந்திருந்த கதவுக்குள் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். உங்கள் 28 மி.மீ. லென்ஸ் அந்தக் கதவையும் சேர்த்தே எடுத்திருக்கும்; யாரோ அதை வெட்டிவிட்டார்கள்.

இருட்டறை:
மேலே அந்த அம்மா எழுதியதைப் படித்தபின் நான் சொல்லவந்தது சிறிதாகத் தெரிகிறது, ஆயினும் சொல்கிறேன். இந்தக் கதை புதியதன்று. 1887-இல், இருட்டில் படமெடுக்க எரித்து வெளிச்சம் உண்டாக்கும் மெக்னீசிய ஒளித்தூள் பற்றிய செய்தியைப் படித்த பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், பொழுதுபோக்காகப் படமெடுத்துவந்த சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்தார். இடம் தெரிந்த ஒருவர் முன்னே செல்ல, கேமராக்காரர்கள் பின்னே செல்லும் நடை அப்போதே இருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒளிவெடிப்பில்தான் விழித்தார்கள். ஒருமுறை பார்வையற்றவர்கள் தங்கியிருந்த அறையில் அந்த ஒளித்தூளின் பொறி பட்டுத் தீப்பிடித்தது. அவர்களுக்குத் தெரியாமலேயே ரீஸ் அதை அணைக்க நேர்ந்தது. படமெடுக்கச் செல்பவரின் நோக்கம் நல்லது என்பது, படமாகிறவரின் அறைக்குப் பாதுகாப்பு அன்று.

நடைவழி:
மூன்றாம்மாடி அவர்களே, உங்கள் தந்தைக்கு நேர்ந்ததற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை. அந்தக் குழுவை நடத்தியவர் முதல் படத்துக்குப் பிறகு நடுவில் வந்து நின்றிருக்க வேண்டும்.

இருட்டறை அவர்களுக்கு மட்டும் ஒரு மறுப்பு. ரீஸின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் படங்களைச் சேர்த்து அவர் 1890-இல் வெளியிட்ட நூலும், அதைத் தொடர்ந்து அவர் எழுதியும் பேசியும் வந்ததும் சேர்ந்துதான், மல்பெரி பெண்ட் என்ற நெரிசலான பகுதி இடிக்கப்பட்டு 1897-இல் அங்கே பூங்கா திறக்கப்பட வழிவகுத்தன. வெளியாள் எவரும் கேமராவோடு நுழையாமல் இருந்திருந்தால், அந்த இருட்டறைகள் ஊராரின் கண்ணில் படாமலேயே இருந்திருக்கும்.

இருட்டறை:
பூங்கா வந்தது உண்மை. அங்கே வாழ்ந்தவர்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டு வேறிடம் தேடிப் போனதும் உண்மை. படத்தால் விளைந்த நன்மையைக் கணக்கிடும்போது, அது படத்தில் இருந்தவருக்கு வந்ததா, பார்த்தவருக்கு வந்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. புகைப்படக் கலைஞர் புரூஸ் டேவிட்சன் 1966 முதல் இரண்டு ஆண்டுகள் நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லமில் ஒரே ஒரு தெருவைப் படமெடுத்தார். சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராவை அவர் கொண்டுபோகவில்லை. முக்காலியின் மேல் நிறுத்தும் பெரிய வியூ கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். அதை நிறுத்தித் துணியைப் போர்த்திக்கொண்டு ஃபோகஸ் பார்க்கும் நேரத்துக்குள், எதிரில் இருப்பவர் எழுந்து போகவோ, சட்டையைச் சரிசெய்துகொள்ளவோ, பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளவோ முடியும். அந்தத் தாமதத்துக்குள்தான் சம்மதம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எடுத்த படங்களின் பிரிண்டுகளை அந்த மக்களிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு மணி நேர நடையில் இதில் எதற்கு இடம் இருக்கிறது?

வாதி:
சட்டத்தைப் பற்றி ஒரு சொல், ஏனெனில் பொது இடத்தில் எடுத்தால் எல்லாம் சரி என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. மான்ட்ரியாலில் ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணின் படத்தை, அவருடைய சம்மதமின்றி ஒரு கலை இதழ் வெளியிட்டது. கனடா உச்ச நீதிமன்றம் 1998-இல், மான்ட்ரியால் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தின் சட்டத்தின்படி அது அவருடைய உரிமையை மீறியது என்று கூறி 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது. மாறாக, புகைப்படக் கலைஞர் பிலிப் லோர்கா டிகோர்சியா நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் மறைவாக ஒளிவிளக்குகள் அமைத்து எடுத்த முகங்களில் ஒன்றுக்கு உரியவர் தொடுத்த வழக்கை, நியூயார்க் நீதிமன்றம் 2006-இல் தள்ளுபடி செய்தது. அது கலை, ஆகவே கருத்துரிமை என்றது. ஏறத்தாழ ஒரே மாதிரியான செயலுக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள் கிடைத்திருக்கின்றன. நடையை நடத்துபவர் தம் இடத்துச் சட்டத்தை அறிந்திருப்பது குறைந்தபட்சக் கடமை.

மூன்றாம்மாடி:
நன்றி, வாதி அவர்களே. ஆனால் நான் வழக்குத் தொடரப்போவதில்லை. சட்டம் எந்தப் பக்கம் இருந்தாலும், என் வாசலைத் திறக்கும்முன் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோன் பகுதியில் 2019-இல், தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று குடியிருப்போர் பலகை வைத்தபோது, பலர் அதை விருந்தோம்பல் இல்லாமை என்றார்கள். எனக்கு அவர்களுடைய களைப்பு புரிந்தது. நடையில் சேருபவர்கள் உங்களுக்குக் கட்டணம் செலுத்துகிறார்கள். அதனால் அவர்களை வெறுங்கையோடு அனுப்ப உங்களுக்கு மனம் வராது. அவர்கள் அள்ளிக்கொண்டு போவதோ எங்கள் தெருவை.

நடைவழி:
இந்தக் கடைசி வரியை இரண்டு நாள் மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். கட்டணம் வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை, அது என் பிழைப்பு. ஆனால் அந்தக் கட்டணமே என்னை அவசரப்படுத்துகிறது என்பதை இதுவரை நான் ஒப்புக்கொண்டதில்லை. மாலை வெயில் சாய்ந்து சுவரில் மஞ்சளாக விழும் அந்த முக்கால் மணி நேரத்துக்குள், எல்லோருக்கும் ஒரு நல்ல படமாவது கிடைத்துவிட வேண்டும் என்று என் மனம் பரபரக்கும். அப்போது ஒருவர் வாங்கிய சம்மதத்தை மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்வதை நானும் பார்த்தும் பாராமல் விட்டிருக்கிறேன்.

ஆகவே மூன்றை மாற்றுகிறேன். இனி என் குழுவில் ஆறு பேருக்கு மேல் இல்லை. ஒருவருக்குச் சம்மதம் கிடைத்தால், அவர் மட்டுமே எடுப்பார். மற்றவர்கள் கேமராவைத் தாழ்த்தித் திரும்பி நிற்பார்கள். முகம் தெரியும் படத்துக்கு, அந்த முகத்துக்கு உரியவரிடம் கேட்காமல் தலைப்பு வைக்கக் கூடாது. நடையே வேண்டாம் என்ற கருத்தை மட்டும் இன்னமும் ஏற்கவில்லை. பத்து ஆண்டு ஒரே நகரத்தில் இருந்தும் பக்கத்துத் தெருவுக்குள் ஒருமுறைகூட நடந்திராதவர்கள் என் நடைகளுக்கு வந்திருக்கிறார்கள். கேமரா என்ற சாக்கு இல்லாவிட்டால் அவர்கள் வந்தே இருக்க மாட்டார்கள்.

இருட்டறை:
நான்காவதாக ஒன்றையும் சேருங்கள். எடுத்தவர் ஒரு மாதத்துக்குள் பிரிண்டோடு திரும்பி வர வேண்டும். வர இயலாது என்று தெரிந்தவர் முகத்தை எடுக்க வேண்டாம். சுவர், படிக்கட்டு, நிழல் என்று எடுப்பதற்கு எவ்வளவோ இருக்கின்றன.

நடைவழி:
சேர்த்துக்கொள்கிறேன். முதல் நடைக்கு நானே பிரிண்ட் போட்டு எடுத்துவருகிறேன்.

மூன்றாம்மாடி:
எல்லா நடைகளையும் தடுக்க வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்கினேன். அந்த எண்ணம் முழுவதும் மாறிவிடவில்லை. நீங்கள் சொன்ன ஆறு பேர் எங்கள் தெருவுக்கு வந்தால் கதவைச் சாத்த மாட்டேன், படத்துக்கும் நிற்க மாட்டேன். ஆனால் அந்தக் கண்காட்சிப் படத்தை எடுத்தவரை உங்கள் வட்டத்தில் யாருக்காவது தெரிந்தால், வெட்டப்படாத முழுப்படம் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். கதவும் அதற்குள் நாங்களும் இருக்கும் அந்தப் படம் எங்கள் வீட்டில் இல்லை.