வடக்கே ஓடினால் மட்டும் செய்மதி வானொலி அறுகிறது: அன்ரெனாவை மாற்ற வேண்டுமா?

வடக்குவழி:
வணக்கம். பழைய கார் ஒன்றில் சிரியஸ் எக்ஸ்எம் ரிசீவர் தனியாக வாங்கிப் பூட்டியிருக்கிறேன். காந்த அன்ரெனாவை டாஷ்போட்டில் முன்கண்ணாடியோடு ஒட்டி வைத்தேன். கூரையிலிருந்து வயரை உள்ளே எடுப்பது பெரிய வேலை என்று விட்டுவிட்டேன். ரொறன்ரோவுக்குள் நன்றாகவே கேட்கிறது. 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே பரீ நகர்ப் பக்கம் போகத் தொடங்கினால் அறுந்து அறுந்து கேட்கிறது, மேம்பாலம் வந்தால் சத்தமே நிற்கிறது. திரும்பி வரும்போது அதே சாலைதான், ஆனால் அவ்வளவு மோசமில்லை. அம்மாவை வாரம் இரண்டு தடவை சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறேன், வழியில் அவவுக்கு அந்த இசைதான் துணை. புது அன்ரெனா வாங்கவா, பூஸ்டர் வாங்கவா?

கூரைக்காந்தம்:
இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். போகும்போது மோசம், வரும்போது பரவாயில்லை என்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது.

செய்மதிகள் பூமத்திய கோட்டுக்கு மேலே, மேற்கு நெடுங்கோடு 85, 115 பாகைகளை ஒட்டி நிற்கின்றன. ரொறன்ரோவிலிருந்து பார்த்தால் ஒன்று தெற்கே சுமார் 39 பாகை உயரத்தில், மற்றது தென்மேற்கில் 28 பாகை உயரத்தில்தான். வடக்கே ஓடும்போது இரண்டும் உங்கள் முதுகுக்குப் பின்னால். டாஷ்போட்டில் இருக்கிற அன்ரெனாவைக் காரின் கூரையே மறைத்துவிடுகிறது. தெற்கே வரும்போது முன்கண்ணாடி வழியாக வானம் தெரிகிறது. நகருக்குள் தரைக் கோபுரங்களும் அதே நிகழ்ச்சியை அனுப்புவதால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

மேம்பால விஷயமும் இதேதான். ஒரே ஒலி இரண்டு பாதையில், சுமார் 4 விநாடி இடைவெளியில் வருகிறது. ஒன்று தடைப்பட்டால் ரிசீவர் மற்றதை வைத்து நிரப்பும். 100 கிலோமீற்றர் வேகத்தில் 4 விநாடி என்றால் நூறு மீற்றருக்கு மேல், எந்தப் பாலமும் அதற்குள் கடந்துவிடும். பாலத்துக்குப் பாலம் அறுந்தால் ஒரு பாதை உங்களுக்கு வரவேயில்லை என்று எடுக்கலாம்.

அன்ரெனாவுக்குள்ளேயே அம்பிளிபயர் இருக்கிறது, ரிசீவரிலிருந்து அதே வயரில் மின்சாரம் எடுக்கிறது. பூஸ்டர் போட்டாலும், வந்து சேராத சிக்னலைப் பெருக்க முடியாது. கூரைக்கு ஏற்றுங்கள். ஓரத்திலிருந்து ஒரு சாணாவது உள்ளே, ரூஃப் ராக்கை விட்டுத் தள்ளி. அடியில் உலோகத் தகடு வேண்டும், ஆகவே கண்ணாடிக் கூரை சரிவராது. தூசியைத் துடைத்துவிட்டு வையுங்கள், பெயின்ற் கீறும்.

கம்பிச்சுருள்:
மேலே சொன்னது சரி. ஆனால் வயரை ஒளிக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கள். கதவு இடுக்கால் தற்காலிகமாக எடுத்து, நகருக்கு வெளியே திறந்த இடத்தில் நிறுத்தி, ரிசீவரின் சிக்னல் திரையைப் பாருங்கள். செய்மதி, தரை இரண்டும் தனித்தனிக் கோடுகளாக வரும், பார்க்க வேண்டியது செய்மதிக் கோட்டை. கூரையிலும் ஏறவில்லையென்றால் இணைப்பு முனையைக் கழற்றி மீண்டும் இறுக்கமாகப் போடுங்கள். நான் இரண்டு வாரம் அன்ரெனாவை இடம் மாற்றி மாற்றி வைத்து அலைந்தேன், கடைசியில் முனை முழுதாக உள்ளே போகாமல் இருந்ததுதான் பிழை.

வயருக்கு நல்ல வழி டிக்கி ரப்பருக்குள்ளால், பிறகு கதவடிப் பிளாஸ்ரிக்குக்குக் கீழே. மூடி நசுக்கும் இடத்தில் போகக் கூடாது. மிச்ச வயரைப் பெரிய வளையமாகத் தளர்வாகச் சுற்றுங்கள், இறுக்கி மடித்தால் உள்ளே பழுதாகும்.

வடக்குவழி:
நேற்றுச் செய்து முடித்தேன். டாஷ்போட்டில் இருந்தபோது, வடக்கு நோக்கி நிறுத்தினால், செய்மதிக் கோடு ஒன்றில் நின்றது. கூரையில் வைத்ததும் முழுதாக ஏறியது. இன்று பரீ வரை ஒரு பாலத்திலும் நிற்கவில்லை, அம்மா வழி முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தா. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கத்துச் சாலையில் மரம் அடர்ந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் அறுந்தது.

கூரைக்காந்தம்:
மிகவும் சந்தோஷம். அந்த மரங்கள் சாலைக்குத் தெற்குப் பக்கம் இருக்கும். 2.3 கிகாஹேட்ஸ் அலையை நனைந்த இலை நன்றாக விழுங்கும், அதற்கு மருந்தில்லை. பனிக்காலத்தில் அன்ரெனா மேல் ஈரப்பனி படிந்தாலும் இதேபோல் அறும், புறப்பட முதல் கையால் தட்டிவிடுங்கள்.