பனிக்கருவா, உறையூக்கியா?

அன்பின் நண்பர்களுக்கு,

முகிலில் நீர்த்துளிகளை உறைய வைக்கும் தூசி போன்ற துகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் நம் கேள்வி. அதற்கு அக்கா முன்வைத்த 'பனிக்கரு' வாய்க்கு நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்தப் பெயரைத் தூசிக்கே சூட்டினால் பின்னால் சிக்கல்.

வெப்பவலயத்தில் ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலே முகிலின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். ஆனாலும் துளிகள் உடனே உறைவதில்லை. தூய நீர்த்துளி மறை 38 பாகை செல்சியஸ் (-38°C) வரைகூடத் திரவமாகவே தாக்குப்பிடிக்கும். அதற்கு முன்பே உறைய வேண்டுமென்றால் பாலைவனத் தூசியோ, கடல் நுரையோடு கிளம்பிய சேதன (உயிர்ப்பொருள் சார்ந்த) துணுக்கோ அதற்கு ஒரு மேற்பரப்பைக் கொடுக்க வேண்டும். அங்கே நீர் மூலக்கூறுகள் சில பனிக்கட்டியின் ஒழுங்கில் கூடி நிற்கும் சிறு கொத்துத்தான் கரு. தூசி, கருத்தங்க இடம் கொடுப்பது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் பாடம் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.

ஆங்கிலத்தில் எழுதுவோருக்கும் இதே தலையிடி இருந்தது. 'ஐஸ் நியூக்ளியஸ்' என்று சொல்லிவந்ததை விட்டு 'ஐஸ் நியூக்ளியேட்டிங் பார்ட்டிக்கிள்' என்று சொல்லும்படி 2015இல் ஒரு முன்மொழிவு வந்தது. அவர்கள் இறக்கிவைத்ததை நாம் போய்த் தூக்குவானேன்?

என் வாக்கு 'உறையூக்கி'. ஊக்கி என்றால் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும்: ஏவற்சக்தியை, அதாவது ஒரு மாற்றம் தொடங்கத் தேவையான சக்தியை, குறைத்துவிட்டுத் தான் செலவாகாமல் நிற்பது. தூசி செய்வதும் அதுதான். உறை என்றதும் எனக்கு அம்மா பாலில் விடும் உறைமோர் நினைவு. ஒரு சட்டிப் பாலுக்கு ஒரு கரண்டி. முகிலில் கணக்கு அதைவிடச் சிக்கனம்: ஒரு கன சென்ரிமீற்றரிலேயே துளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம், மறை 20 பாகையில் வேலை செய்யும் துகளோ ஒரு லீற்றர் காற்றில் ஒன்று கிடைத்தாலே பெரிய காரியம். (சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பற்றீரியா மறை 2 பாகையிலேயே நீரை உறைய வைத்துவிடும். உறைமோரிலும் வேலை செய்வது பற்றீரியாதானே; உவமை இவ்வளவு தூரம் வரும் என்று நானே நினைக்கவில்லை.)

'பனி' பிடிக்காததற்கு இன்னொரு காரணம். கொழும்பில் எங்கள் வீட்டில் பனி என்றால், "பனிக்குள்ளே நிற்காதே, தடிமன் பிடிக்கும்" என்கிற பனி. ஒக்ரோபர் பின்னேரம் வெள்ளவத்தை மொட்டைமாடியில் நின்று பார்த்தால் கிழக்கே தெரியும் இடிமுகிலின் உச்சியில் இருப்பது அதுவல்ல, ஐஸ் பளிங்குகள். அவை மென் ஆலங்கட்டிகளோடு மோதி மின்னேற்றம் பிரிவதால்தான் அந்த மின்னலே.

நீராவி நேரே பளிங்காகப் படிவதற்கு 'உறை' பொருந்துமா என்று அண்ணா கேட்டது நியாயம். அதற்கு மட்டும் 'படிவூக்கி' என்று தனியே வைக்கலாம். திரவத் துளிகள் இருக்கும் முகிலில் துகள் துளிக்குள் அமிழ்ந்து உறைய வைப்பதே முக்கிய வழி என்பதால் பொதுச்சொல் உறையூக்கியாகவே இருக்கட்டும்.

உறை என்றால் தலையணை உறைதான் ஞாபகம் வருகிறது என்பவர்களுக்காக 'உறைவூக்கி' என்று மாற்றவும் சம்மதம். அதற்கு மேல் இறங்கமாட்டேன்.