குறிசுட்ட மாடு கட்டாக்காலியா?

முரசுமோட்டைக் கமக்காரன்:
"வன்னியில் கட்டாக்காலி, அதாவது கைவிட்ட மாடு என்று ஒன்றுமே கிடையாது, எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். வாசித்ததும் வயிறு எரிந்தது. ஐப்பசியில் விதைத்து, கார்த்திகை மழையில் பச்சை பிடித்து நிற்கிற வயலுக்குள் இரவில் ஒரு பட்டி மாடு இறங்கினால் என்ன மிஞ்சும்? காலபோகம், அதாவது மாரிக்கால நெல், போனால் எங்களுக்கு அந்த வருடமே போச்சு. பிடித்துக் கட்டினால் தொடையில் சுட்ட குறி தெளிவாக இருக்கிறது. யாருடைய குறி என்று கேட்டால் ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

பட்டிக்காரன்:
எழுதியது நான்தான். குறி இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். குறி இருந்தால் அது கைவிட்ட மாடு இல்லை. வேறென்ன பேச்சு?

முரசுமோட்டைக் கமக்காரன்:
குறி சுட்டால் போதுமா? இரவில் அடைத்தது யார்? தண்ணீர் வைத்தது யார்? 2022 மார்கழிக் குளிரில் வடக்கில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அப்போது எங்கள் பக்கத்தில் குறியைக் காட்டி "இது என்னுடையது" என்று பதிய ஓடி வந்தார்கள். வயலுக்குள் நின்றபோது அதே குறி அவர்களுக்குத் தெரியவில்லையா?

பட்டிக்காரன்:
செத்த மாட்டுக்கு நட்டஈடு கேட்டது குற்றமா? முதலில் மேய்ச்சல் தரையைக் காட்டுங்கள் அண்ணை. முன்பு விதைப்புக் காலத்தில் மாடுகளைக் காட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவோம். இப்போது அங்கே எல்லைக்கல் நட்டு மறித்திருக்கிறது. கணவனை இழந்து இரண்டு பசுவை வைத்துப் பால் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவள் அவற்றை எங்கே கொண்டுபோய்க் கட்டுவாள்? வயல் உள்ளவனுக்கு இது விளங்காது.

நெடுங்கேணி ரீச்சர்:
மாட்டுக்காவது குறி இருக்கிறது. பெட்டை நாய்க்குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் போட்டுவிட்டுப் போகிறார்களே, அதை யார் கேட்பது? பிள்ளைகள் அவற்றைத் தூக்கி விளையாடுகிறார்கள். கடித்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். பல வீடுகளில் மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடுகிறார்கள்.

முரசுமோட்டைக் கமக்காரன்:
ரீச்சர், நாயைப் பற்றித் தனியாக எழுதுங்கள். இங்கே பேச்சு மாட்டைப் பற்றி.

புதுக்குடியிருப்பான், டொரன்டோ:
சண்டை எதற்கு? 2009இல் நாங்கள் ஓடும்போது கயிற்றை அவிழ்த்துவிட்ட மாடுகளின் வழிவந்தவைதானே இவை. ஒரு கோசாலை கட்டுவோம். இங்கே பணம் சேர்த்து அனுப்புகிறோம்.

முரசுமோட்டைக் கமக்காரன்:
கட்டிடத்துக்குப் பணம் வரும், பெயர்ப்பலகையும் வரும். வைகாசி வெயிலில் புல் கருகிக் கிடக்கும்போது நாளாந்தம் வைக்கோல் போடுவது யார்? நீங்களா? அவிழ்த்துவிட்ட கதையை எங்களுக்குச் சொல்லவேண்டாம். நாங்களும் அவிழ்த்துவிட்டுத்தான் ஓடினோம். அப்போதைய குறி பழையது, இந்தக் குறி மீளக்குடியேறிய பிறகு சுட்ட புதியது.

புதுக்குடியிருப்பான், டொரன்டோ:
வெளிநாட்டில் இருந்தால் வாயே திறக்கக்கூடாதா? கோயில் தேருக்கு மட்டும் எங்கள் காசு இனித்ததோ?

பட்டிக்காரன்:
தேர்க் கணக்கை இவரிடம்தான் கேட்கவேண்டும். இன்றுவரை காட்டவில்லை.

முரசுமோட்டைக் கமக்காரன்:
தேரை இழுத்துத் தப்பவேண்டாம். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தில் குறி சுடுவதும் இருக்கிறது, அடுத்தவன் காணிக்குள் புகுந்த மாட்டைப் பிடிப்பதும் இருக்கிறது. குறி பெருமைக்குச் சுடுவதல்ல. மாடு அழித்ததற்குப் பொறுப்பேற்கவும்தான்.

பட்டிக்காரன்:
சட்டம் படித்தவர் ஏ9 வீதியில் லொறி அடித்துக் கால் முறிந்து கிடந்த நாம்பன் மாட்டுக்கு ஒரு வாளி தண்ணீர் வைத்தீர்களா? நான் வைத்தேன். அதில் என் குறி இல்லை.

முரசுமோட்டைக் கமக்காரன்:
அப்போ யாருடைய குறி? கிட்ட நின்று பார்த்தவர் நீங்கள். பெயரைச் சொல்லுங்கள்.

பட்டிக்காரன்:
உங்கள் மச்சானிடம் போய்க் கேளுங்கள்.

முரசுமோட்டைக் கமக்காரன்:
என் மச்சான் மாடு வைத்திருந்தது 2017 வரைதான். பிறகு பட்டியோடு விற்றுவிட்டான். வாங்கியது யார் என்று இங்கே எழுதட்டுமா?

நெடுங்கேணி ரீச்சர்:
இன்று காலையும் வாசலில் ஒரு உரப்பை கிடந்தது. நான்கு குட்டி. யாராவது ஒன்றையாவது எடுத்துக்கொள்வீர்களா?

பட்டிக்காரன்:
எழுதுங்கள் அண்ணை, யார் பயப்படுகிறார்கள்? தேர்க் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.